பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்!

"அம்மா, பத்து ரூபா குடும்மா. இன்டர்வெல்ல ஏதாவது வாங்கித் தின்னுக்கறேன்!"

காலை அவசரத்தில் நீங்களும் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்று விசாரித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் சிப்ஸ் பாக்கெட், கூல்டிரிங்க்ஸ், கலர் கலராக மிட்டாய். 'சின்னப் பிள்ளைதானே, தின்னுட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. ஏன் தெரியுமா?

ஒரு சின்னக் கணக்கு

சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கலோரி, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 1,600 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்பது 80 கலோரி. அதாவது 20 கிராம் சர்க்கரை. நாலே நாலு டீஸ்பூன்!

சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தாலே அன்றைய கோட்டா காலி! காலையில் பாலில் போட்டது, பிஸ்கட்டில் இருந்தது எல்லாம் அதற்கு மேலே. பல் சொத்தை, உடல் பருமன் இரண்டுக்கும் இதுவே வழி. சிப்ஸிலோ கொழுப்பும் உப்பும். வயிறு இவற்றால் நிரம்பிவிட்டால், டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருவதில் என்ன ஆச்சரியம்?

'மாம்பழ ஜூஸ்தானே குடிக்கிறான்' என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? 'ஃப்ரூட் டிரிங்க்' என்று போட்டு விற்க, பெரும்பாலான பழங்களுக்கு 10 சதவீதப் பழச்சாறு இருந்தாலே போதும் என்பதுதான் நம் நாட்டு விதி!

சட்டம் இருக்கிறது, தெரியுமா?

பள்ளிக் குழந்தைகளுக்காக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. 2021 ஜூலை 1 முதல் அவை அமலில் இருக்கின்றன. கெட்ட கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ, ஹாஸ்டல் சமையல்கூடத்திலோ, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் கூடாது. இலவசமாகக் கொடுப்பதும் கூடாது.

2025-ல் சி.பி.எஸ்.இ. இன்னொரு அடி எடுத்து வைத்தது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சுகர் போர்டு' வைக்கும்படி தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு தினசரிக் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதினருக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்தே வருகிறது என்று அதன் சுற்றறிக்கை சொன்னது.

ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து கடைப் பெட்டியை மூடாது. நீங்கள் கேட்டால்தான் அதற்கு உயிர் வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது கேன்டீனை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வாசலில் என்ன விற்கிறார்கள் என்றும் கவனியுங்கள். 50 மீட்டர் என்பது ஒரு நிமிஷ நடைகூட இல்லை.

* விஷயத்தைத் தலைமை ஆசிரியரிடமும், பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்திலும் சொல்லுங்கள். தனியாகச் சொல்வதைவிட நாலு பெற்றோர் சேர்ந்து சொன்னால் பலன் அதிகம். அப்படியும் நடக்கவில்லையா? மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

* வாசலில் கடை போட்டிருக்கும் ஆயாவோடு சண்டைக்குப் போகாதீர்கள்! விதி அவருக்கு எதிரி அல்ல. சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு என்று சுத்தமாக மூடி வைத்து அவர் தாராளமாக விற்கலாம். நீங்களும் வாங்குங்கள், வியாபாரம் தானாக மாறும்.

* பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் 'ஆடட் சுகர்' எவ்வளவு என்று பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். அஞ்சால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வந்துவிடும். கணக்குப் பாடமும் ஆச்சு!

* இன்டர்வெல்லுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா கொடுத்து அனுப்புங்கள். பொட்டுக்கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை எதுவானாலும் சரி. கடலை மிட்டாய் நல்லதுதான். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான், ஒன்றோடு நிறுத்துங்கள். தாகத்துக்குத் தண்ணீர் பாட்டிலை மிஞ்சியது எதுவும் இல்லை.

பள்ளிக்குள்ளே கூல்டிரிங்க்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்திருந்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அந்த 50 மீட்டர் நம் வீட்டுக்குள்ளும் நீளட்டும்!