பின்புற எஞ்சினும் காற்றின் வழியும்

சித்திரைக் கடைசியில் தொடங்கும் கத்திரி வெயிலில், கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலோ ஓர் ஆட்டோ திடீரென வலுவிழந்து நின்றுவிடுவதுண்டு. எஞ்சின் சூடேறிவிட்டது என்பார் ஓட்டுநர். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டால், பட்டறைக்காரர்கள் அதனைச் 'சீஸ்' என்பார்கள். அன்றைய வருவாய் போவதோடு, பழுதுபார்க்கும் செலவு பல நாள் உழைப்பையும் விழுங்கிவிடும். பழி பெரும்பாலும் வெயிலின்மீதே விழுகிறது. அந்தப் பழி எவ்வளவு நியாயமானது என்பதை ஆராய்வதற்கு, ஆட்டோவின் பின்புறம் காற்று எவ்வழியே சென்று மீள்கிறது என்பதைக் காண வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கை மட்டுமே உழைப்பாக மாற்றுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, மற்றொரு பெரும்பகுதி சிலிண்டரின் சுவரிலும் தலைப்பகுதியிலும் வெப்பமாகத் தேங்குகிறது. அவ்வெப்பம் உடனுக்குடன் அகற்றப்படாவிட்டால் எண்ணெய்ப் படலம் மெலியும். அலுமினியப் பிஸ்டன், தன்னைச் சூழ்ந்த இரும்புச் சிலிண்டரைவிட மிகுதியாக விரிவடையும். இரண்டிற்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளி மறைந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு எதிர்காற்றே போதுமானது. பின்புற எஞ்சினுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓடும் வாகனத்தின் முகப்பில் காற்று மோதுவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. பின்புறத்திலோ அழுத்தம் குறைந்து, காற்று சுழன்று தடுமாறுகிறது. மண்சாலையில் செல்லும் பேருந்தின் முன்கண்ணாடியைவிடப் பின்கண்ணாடியில் புழுதி மிகுதியாகப் படிவது இச்சுழற்சியால்தான். இவ்வளவு இடர் இருந்தும் எஞ்சினைப் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட சுழல்தண்டு தேவைப்படாது. எஞ்சினின் எடை உந்தும் சக்கரங்களின்மேல் அமையும். சிறிய வண்டியிலும் மனிதருக்கு இடம் கிடைக்கும். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில், இத்தாலியின் 1957ஆம் ஆண்டு ஃபியட் 500, இந்தியாவில் 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோ ஆகிய சிறு கார்கள் இக்காரணங்களால்தான் பின்புற எஞ்சினைக் கொண்டிருந்தன. நம் தெருக்களில் ஓடும் ஆட்டோக்கள் பலவும் அவ்வாறே.

தானாக வராத காற்றை விசிறி கொண்டுவர வேண்டும். காற்றால் குளிரும் ஆட்டோ எஞ்சினில், அதன் சுழல்சக்கரத்தோடு சேர்ந்தே ஒரு விசிறி சுழல்கிறது. அது இழுக்கும் காற்றைச் சிலிண்டரைச் சூழ்ந்த உறையொன்று, செதில்போன்ற மெல்லிய விளிம்புகளுக்கு இடையே செலுத்துகிறது. அகற்றவேண்டிய வெப்பம் 5 கிலோவாட் என்றும், கடந்துசெல்லும் காற்று 40 பாகை சூடேறுகிறது என்றும் கொள்வோம். அதற்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் காற்று வேண்டும். ஆறு வினாடிகளில் ஓடும் காற்று மூன்று பெரிய டிரம்களை நிரப்பிவிடும். பட்டறையில் கழற்றிய உறையைத் திரும்ப மாட்டாமல் விட்டால், விசிறி நான்கு திசையிலும் காற்றை இறைக்குமே தவிர, செதில்களின் இடுக்கில் அது நுழையாது.

பீட்டிலின் அமைப்பு இதைவிட நுட்பமானது. பின்கண்ணாடிக்குக் கீழேயுள்ள துளைகளின் வழியே குளிர்காற்று எஞ்சின் அறைக்குள் வரும். விசிறி அதனைச் சிலிண்டர்களின்மேல் தள்ளும். சூடேறிய காற்று வண்டியின் அடியே வெளியேறும். மேலறையின் குளிர்காற்றும் கீழுள்ள வெங்காற்றும் கலவாதிருக்க, எஞ்சினைச் சுற்றித் தகடுகளும், அவற்றின் விளிம்பை அடைக்க ஒரு ரப்பர் பட்டையும் இருந்தன. பார்ப்பதற்கு அற்பமான அந்தப் பட்டை சிதைந்தால், வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கத் தொடங்கும். விசிறியும் மின்னாக்கியும் ஒரே தண்டில் அமைந்து ஒரே பெல்ட்டால் சுழன்றன. ஆகவே பெல்ட் அறுந்தால் மின்னாக்கிக்குரிய சிவப்பு விளக்கு எரியும். ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

அந்த வடிவமைப்பிலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி விசிறியின் உறைக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றது. அதனால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் முன்பே சூடேறிய காற்று கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த வண்டிகளில்தான் அக்கருவிக்குத் தனிக் காற்றுவழி அமைக்கப்பட்டது.

இனி வெயிலின் பங்கைக் கணக்கிடலாம். சிலிண்டர் தலையின் வெப்பநிலை 180 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். கடலிலிருந்து கொண்டல் வீசும் வேளையில் காற்று 30 பாகையில் இருந்தால் வேறுபாடு 150 பாகை. கத்திரி வெயிலில் காற்று 40 பாகையை எட்டினால் வேறுபாடு 140. வெப்பம் அகலும் வேகம் இவ்வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், இழப்பு பதினைந்தில் ஒரு பங்கே. ஆனால், வெளியேற வேண்டிய காற்று சுழன்று திரும்பி 80 பாகையில் உள்ளே நுழைந்தால் வேறுபாடு 100 ஆகச் சுருங்கும். குளிர்விக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெயிலைவிட அடைபட்ட வழியே பெரிய பகை.

விசிறி எஞ்சினோடு பிணைந்திருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் மெல்லச் சுழன்றால் விசிறியும் மெல்லவே சுழலும். ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் தரிசனத்தின்போதும் சிதம்பரத்தில் திரளும் கூட்டத்தினிடையே ஊர்ந்துசெல்லும் ஆட்டோவுக்கு எதிர்காற்றும் இல்லை, விசிறியின் காற்றும் குறைவு. அண்ணாமலை நகர் செல்லும் மேம்பாலத்தின் ஏற்றத்தில், நிறைந்த சுமையோடு உயர் கியரிலேயே முக்கிக்கொண்டு ஏறுவதும் அவ்வாறானதே. வெப்பம் மிகும், காற்று குறையும். கியரைக் குறைத்தால் எஞ்சின் உரக்க முழங்கும். அது கேட்பவருக்கு வண்டி வருந்துவதுபோல் தோன்றும். உண்மையில் விசிறி விரைவதால் சிலிண்டருக்கு அதுவே ஆறுதல். நீரால் குளிரும் எஞ்சின்கள் பலவற்றில் மின்விசிறி தனியே இயங்குவதால் இச்சிக்கல் குறைகிறது. நானோவும் நீரால் குளிர்வதே. அதன் பின்சக்கரங்களுக்கு முன்னே, இருபுறமும் காற்றை உள்வாங்கும் திறப்புகள் இருந்தன.

கடலூர் போன்ற கரையோர ஊரில் உப்புக்காற்று இரும்புத் தகடுகளை அரிக்கும். எண்ணெய் கசிந்த செதில்களில் புழுதி அப்பிக் களிம்பாக இறுகும். பின்னால் கட்டிய சாக்குமூட்டையோ தார்ப்பாயோ காற்றுத் துளைகளை மூடிவிடும். செதில்களைச் சுரண்டித் துடைக்க ஒரு தூரிகையும், வண்டி குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் அரைமணி நேரமும் போதும்.