அடுக்களையில் ஒளித்த ஏடு

"வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், நம் சங்கத்துத் தாய்மார் பலரும் "சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். விடியுமுன் கோலமிட்டு, விளக்கேற்றி, வீடு முழுமைக்கும் சமைப்பவரின் விடை இது! அலுவலகப் படிவங்களில் "தொழில்: இல்லை" என்று எழுதி எழுதி நாமும் அதை நம்பிவிட்டோம்.

நாம் பிழைக்க வந்த இவ்வங்க நாட்டில் முற்காலத்தில் ராஸ்சுந்தரி தேவி என்றோர் அம்மையார் வாழ்ந்தார். 12 வயதில் மணம், பின்னர் 12 குழந்தைகள், ஓயாத வீட்டுவேலை. பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று அஞ்சிய காலம் அது. ஆயினும் சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்கவேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை. அந்நூலின் ஏடொன்றை அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு, எழுத்துக்கூட்டிக் கற்றார். 1876-இல் வெளிவந்த அவருடைய 'ஆமார் ஜீபன்' (என் வாழ்க்கை), வங்கமொழியின் முதல் தன்வரலாறாகப் போற்றப்படுகிறது.

மாமியார் அன்பாகவே நடத்தினார் என்று அவர் எழுதுகிறார். எனினும் அன்பு மட்டும் போதவில்லை. தாமே படித்த ஏடுதான் நிறைவு தந்தது.

அன்பர்களே! சங்க நூலகத்துக்கு ஞாயிறுதோறும் ஆண்களே வருகிறோம். இனி இல்லத்தரசியரை அனுப்புவோம். அன்று அடுக்களையை நாம் பார்த்துக்கொள்வோம்.