மேகத்துக்குள்ளும் மலையைக் காட்டும் திரை!

காரைக்குடிக்குப் பக்கத்தில், செட்டிநாட்டில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷார் போட்டது. போர் முடிந்தது, விமானங்களும் போய்விட்டன. ஓடுதளத்தை மறுபடி திறந்து விமானம் விட வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் ஓய்ந்தபாடில்லை.

அந்தக் காலத்தில் இங்கே வந்து இறங்கிய பைலட் எப்படி வழி கண்டுபிடித்திருப்பார்? மடியில் மேப், கையில் வாட்ச், எதிரே திசைகாட்டி. கீழே பார்த்தால் திருச்சி - மானாமதுரை ரயில் பாதை, வெயிலில் மின்னும் கண்மாய்கள், கோயில் கோபுரங்கள். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், பாரிஸ்டர் படிக்க லண்டன் போன இடத்தில் குராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். அவர் காலத்தில் கண்தான் முதல் கருவி. தரை தெரிகிறவரை அது போதும். மேகம் மூடிக்கொண்டால்?

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது முப்படை விசாரணை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையும் நிலையும் குழம்பியது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டரே போய்த் தரையில் மோதியது. 2022 ஜனவரியில் வெளியான முடிவு இது.

அனுபவம் உள்ள விமானிக்கே எப்படிக் குழம்பும் என்று கேட்கலாம். குடைராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் சுற்றுவதே தெரியாது. நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் வேலை அது. வெள்ளை மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கும் இதே காதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு எதிராக வந்ததுதான் முப்பரிமாணத் திரை. ‘சிந்தெடிக் விஷன்’ என்பார்கள். பழைய கருவியில் மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். புதிய திரையில் அந்தப் பழுப்புக்குப் பதிலாக மலை மலையாகவே நிற்கிறது. பள்ளத்தாக்கு, ஏரி, ஓடுபாதை எல்லாம் விமானி இருக்கையிலிருந்து தெரிகிற கோணத்திலேயே விரிகின்றன. வெளியே கும்மிருட்டாக இருந்தாலும் திரையில் பட்டப்பகல். சினிமா தியேட்டர் கண்ணாடியெல்லாம் தேவையில்லை. தட்டையான திரையில் ஆழம் தெரிய வரைந்த படம், வீடியோ கேம்போல.

ஆனால், இதில் கேமரா இல்லை! விமானம் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழேயா என்று வேறு உணரிகள் சொல்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏற்றிவைத்த நில வரைபடத்திலிருந்து அந்த இடத்தின் காட்சி உடனுக்குடன் வரையப்படுகிறது. இதற்கான உலக அளவிலான வரைபடத்துக்குப் பெரிய உதவி செய்தது 2000 பிப்ரவரியில் பறந்த எண்டெவர் விண்கலம். 11 நாள் பயணத்தில் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தின் மேடுபள்ளங்களை ரேடாரால் அளந்தது. நம் பிரான்மலையும் குன்றக்குடியும் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன.

திரையில் மிக உபயோகமானது மலைப்படம்கூட இல்லை. ஒரு சின்ன வட்டம். விமானத்தின் மூக்கு எங்கே பார்க்கிறது என்பதை அல்ல, விமானம் உண்மையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டும். வட்டம் மலையின்மேல் படிந்திருந்தால் இப்படியே போனால் மோதல். மலைக்கு மேலே வானத்தில் நின்றால் தப்பிவிடலாம். யோசிக்கவே வேண்டாம், பார்த்தாலே புரியும்.

2008 வாக்கில் ஹனிவெல், கார்மின் போன்ற நிறுவனங்கள் இதைப் பரவலாகக் கொண்டுவந்தன. வேடிக்கை என்னவென்றால், கோடீஸ்வரர்களின் தனி ஜெட்டிலும் நான்கு பேர் உட்காரும் குட்டி விமானத்திலும் இது உண்டு. நாம் டிக்கெட் வாங்கி ஏறும் போயிங், ஏர்பஸ் பெரும்பாலானவற்றில் இல்லை. அவற்றில் மலை நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கருவி இருக்கிறது.

குறையும் உண்டு. வரைபடத்தில் ‘நீர்நிலை’ என்று குறித்துவிட்டால், சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயும் திரையில் நீலமாகத்தான் தெரியும். அழகான படம் என்பதாலேயே நம்பிவிடத் தோன்றும், ஆபத்தும் அங்கேதான். அதனால் குறிப்பிட்ட உயரம் வந்ததும் ஓடுபாதை விமானியின் கண்ணுக்கே தெரிய வேண்டும் என்கிறது விதி. தெரியவில்லையா, மறுபடி மேலே ஏறிவிட வேண்டும்.

அந்த உயரம்வரை பத்திரமாக வர, இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ கைகொடுக்கிறது. ஜி.பி.எஸ். கணக்கில் வரும் பிழையைத் தரை நிலையங்கள் கண்டுபிடித்து, செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குத் திருத்தம் அனுப்புகின்றன. 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் இந்த முறையில் இறங்கிக் காட்டியது. ஓடுபாதை அருகே விலையுயர்ந்த வழிகாட்டிக் கருவிகளை நிறுவ வசதியில்லாத சிறு நிலையங்களுக்கு இது பெரிய விஷயம்.

செட்டிநாட்டுக்கு விமானம் வருவதானால், ஓடுபாதையின் இரு முனைகளையும் சுற்றியுள்ள கோபுரம், தண்ணீர்த் தொட்டி, டவர்களின் உயரத்தையும் முதலில் அளந்தாக வேண்டும். விமானங்களின் வழித்தடத் தகவல்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. காரைக்குடியில் புதிதாக ஒரு செல்போன் டவர் எழும்பினால், அந்தத் தகவல் கம்ப்யூட்டருக்குள் ஏறும்வரை திரையில் அந்த இடத்தில் வெறும் வானம்தான்.