அங்காடிக் கொடி

காவிரிப்பூம்பட்டினத்தில் பல்வகைக் கொடிகள் அசைந்தாடின என்று பட்டினப்பாலை கூறும். கள் விற்கும் மனைக்கும் கொடி உண்டு. கற்றோர் வாதுக்கு அழைக்கும் கொடியும் உண்டு. தொலைவில் வருவோர்க்கு இங்குளது இன்னது என அறிவித்தலே அவற்றின் தொழில்.

இந்நாளிற் சிறுவணிகர் உயர்த்தும் கொடி கைப்பேசியில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த வாட்ஸ்அப் வணிகச் செயலியில் கடையின் பெயர், இருப்பிடம், பொருளின் படம், விலை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிந்து வைக்கலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்வோர் அதனைச் சென்னையில் உள்ளார்க்கும் காட்டலாம். அம்மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆதலின், வேற்றூர்ப் பண்டத்திற்கு அப்பெயரை இட்டு விற்றல் சட்டப்படி குற்றமாகும்.

படத்தைப் பதிந்த அளவில் பணி முடிந்துவிடாது. கடைவாயிலில் விலை கேட்பவரை எவரும் நெடுநேரம் நிற்க வைப்பதில்லை. திரையின் வழியே கேட்பவரும் அத்தகையவரே. விலை மாறின், பதிவையும் அன்றே மாற்றல் வேண்டும். முகநூற் பக்கத்தில் வாங்கினோர் குறை கூறி எழுதின், அதனை உடனே அழித்துவிடுதல் சிலர் வழக்கம். (நேர்நின்று முறையிடுபவரின் வாயை அவ்வாறு அடைத்தல் இயலுமோ?) குறையை ஏற்று, மாற்றுப் பொருள் அனுப்பி, அச்செய்தியையும் அங்கேயே எழுதி வைப்பின், பின்வருவோர் இரண்டையும் ஒருங்கே படிப்பர்.