நீரிழிவும் நெஞ்சுரமும்



சர்க்கரை என்னும் சொல் இனிமையைக் குறிப்பது. ஆனால், மருத்துவர் குருதியைச் சோதித்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று கூறும்பொழுது, அச்சொல்லே கசந்துவிடுகிறது. கரும்பும் நெல்லும் விளையும் விழுப்புரம் வட்டாரத்திலும், மணிலாப் பயிர் செழிக்கும் திண்டிவனம் வட்டாரத்திலும், இச்சொல்லைக் கேட்டுக் கலங்கும் குடும்பங்கள் பல. கலக்கம் நீங்க வேண்டுமானால், நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

இஃது யாரோ ஒருவருக்கு மட்டும் வந்த தீவினையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கும், அண்டையிலுள்ள புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேருக்கும் இந்நோய் இருப்பதாக அவ்வாய்வு கண்டது. ஆகவே, இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் புகுவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் துணை செய்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, அதன் ஆற்றல் உடலில் செல்லாமற் போனாலோ, சர்க்கரை குருதியிலேயே தேங்கும். அளவு மிகும்பொழுது சிறுநீரில் வழியும்; வழியும் சர்க்கரை நீரையும் உடன் இழுத்துச் செல்லும். மிகுதியான தாகமும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், உடல் மெலிவும் இதனால் விளைபவையே. நீரிழிவு என்ற பெயரின் பொருத்தம் இப்போது விளங்குகிறதன்றோ?

வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் குருதியில் 126 மில்லிகிராமோ, அதற்கு மேலோ சர்க்கரை இருப்பின் அது நீரிழிவைக் காட்டும். அறிகுறிகள் இல்லாதவர்க்கு மற்றுமொரு சோதனையால் அதனை உறுதி செய்தல் முறை.

இங்கேதான் ஓர் இடர் இருக்கிறது. பலருக்குத் தொடக்கத்தில் வலியுமில்லை, வாட்டமுமில்லை. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நோயோ கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும் ஓசையின்றி அரிக்கிறது. இங்கிலாந்தில் புதிதாக நீரிழிவு கண்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம், நுண்ணிய குருதிக் குழாய்களைச் சார்ந்த கேடுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தொடக்க காலத்தில் காட்டிய கவனத்தின் பயன் பின்னாளிலும் நீடித்தது என்பதை 2008இல் வெளிவந்த தொடர் ஆய்வு காட்டியது. எனவே, நோய் தெரிந்த முதல் நாட்கள் அஞ்சிக் கழிக்க வேண்டியவை அல்ல. ஒழுங்கைத் தொடங்குவதற்கு ஏற்றவை.

இன்சுலின் ஊசி என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறு. 1922ஆம் ஆண்டு சனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், இன்சுலினை முதன்முதல் பெற்றவன் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவன். அதற்கு முன்பு, இன்சுலின் அறவே சுரவாத சிறுவர்கள் விரைவில் இறந்தனர், பின்பு வாழ்ந்தனர். முதல் வகை நீரிழிவுடைய மாணவருக்கு இன்சுலின் உணவைப் போல இன்றியமையாதது. அதனை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது.

இனி உணவு. பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. தட்டில் சோற்றைக் குறைத்து, கீரை, காய், பருப்பு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டினால் போதும். கம்பும் கேழ்வரகும் நல்லனவே. ஆயினும் அவையும் மாவுப்பொருளே. கூழ் என்பதற்காக அளவின்றிக் குடித்தல் பயன் தராது. மருத்துவர் தடை சொல்லாதவரையில் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் நன்று. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடத்தல் மட்டும் கூடாது. உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. இரவில் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மருந்து உண்போருக்குச் சில வேளை சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். உடனே மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் ஊட்டாது, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இதனை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

உதவியும் தொலைவில் இல்லை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும் உள்ளன. சிற்றூர் மக்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவர வகை செய்தது.

மாணவர்களே, உங்கள் தந்தைக்கோ தாய்க்கோ இந்நோய் கண்டால், சோதனைச் சீட்டை அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். மாத்திரை வேளையை நினைவூட்டுங்கள். மாலையில் உடன் நடந்து செல்லுங்கள். "இனிப்பைத் தின்றதால் வந்த வினை" என்று இடித்துரைக்காதீர்கள். பெற்றோர் வழியாக வரும் இயல்பும் இந்நோய்க்கு உண்டாதலின், அந்த மாலை நடை அவர்களுக்கு மருந்தாவதோடு, உங்களுக்கும் காப்பாகும்.