வீட்டில் காணும் குளவிக் கூடுகள்

கொல்லிமலையடிவாரத்து எருமப்பட்டி முதலிய கிராமங்களில், விட்டத்திலோ, தானிய அறையிலோ, மோட்டார்க் கொட்டகையிலோ இனந்தெரியாத கூடொன்று கண்ணிற்பட்டால் உடனே தீப்பந்தம் தேடுவது குடியானவர்களிற் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. ஓலைக்கூரையின்கீழ் நெருப்பைக் கொண்டுசெல்வது எத்துணை அபாயமென்று சொல்லவேண்டுவதில்லை. கூடு இன்னதென்று அறிந்துகொண்டால், பெரும்பாலும் அதற்கு அவசியமே நேராது.

முதலிற் கவனிக்கவேண்டியது, கூடு மண்ணாலானதா, காகிதம் போன்றதா என்பதே.

மண்கூடு கட்டுபவை தனித்து வாழ்பவை. கையாற் பிடித்தாலன்றி அவை கொட்டுவது அரிது. ஒரு பிடி சேற்றைச் சுவரில் அப்பியதுபோலிருப்பது மண்குளவியின் கூடு. இவ்வினத்தில் ஒன்றிற்குப் பாப்ரீஷியஸ் என்னும் பூச்சி சாஸ்திரி 1781-ஆம் ஆண்டிலேயே மதராஸ்பட்டணத்தின் பெயரை இட்டிருக்கிறார். கூட்டை உடைத்தால் உள்ளே சிலந்திகள் அசைவற்றுக் கிடக்கும். அவை செத்தவையல்ல, கொடுக்கின் விஷத்தால் செயலற்றவை. கழுத்துடன் கூடிய சிறு பானைபோற் கூடு கட்டும் மற்றோரினம் அதனுள் புழுக்களைச் சேர்த்துவைக்கும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிறதென்று நம் முன்னோர் கருதினர். உண்மையில், குளவி இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு அப்புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியேறுகிறது. ஆகவே துளை விழுந்த கூட்டில் பெரும்பாலும் ஒன்றுமிராது, எடுத்தெறியலாம்.

காகிதம் போன்ற கூடு, மரநாரைச் சுரண்டி எச்சிலோடு மென்று செய்யப்படுவது. ஒற்றைக் காம்பில் தொங்கி, அறுகோண அறைகள் வெளியே தெரிந்தால், அது சாதாரணக் காகிதக் குளவியே. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராகவேந்திர கடகர் அவர்கள் இவ்வினமொன்றைப் பல்லாண்டு ஆராய்ந்து 2001-இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். பயிர்ப்புழுக்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதால் இது நமக்கு நண்பன். கைபடாத இடத்திலிருப்பின் விட்டுவிடுவதே நலம்.

அறைகள் தெரியாதவாறு உறை மூடி, பழுப்பும் வெண்மையுமாய்க் கோடுகளோடிய உருண்டையாயின், அது கதண்டு. இதன் உடல் கருமை. வயிற்றின் முன்பாதியில் அகன்ற மஞ்சட்பட்டை. இப்பக்கத்துத் தோட்டமொன்றில் தேங்காயளவினதான இத்தகைய கூட்டைத் தேனடையென்று எண்ணிச் சிறுவர் கோலெடுத்து நின்றதை நான் தடுக்க நேர்ந்தது. தேனீயைப்போல் ஒருமுறை கொட்டி மடிவதன்று கதண்டு. திரும்பத் திரும்பக் கொட்டும், கூட்டமாய்த் துரத்தும். மரப்பொந்திலும் மண்ணிற்குள்ளும் கட்டுவதுண்டாகையால், பெரிய குளவிகள் ஒரே துளையில் போய்வந்தாலும் விலகி நிற்கவேண்டும். புகையிடுதலும் மருந்தடித்தலும் நம் வேலையல்ல. தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லியனுப்புக.

கொட்டுண்டவருக்கு முகம் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், மயக்கம் கண்டாலும் கணமும் தாமதியாது 108 வண்டியை அழைக்கவும். பல இடங்களிற் கொட்டுண்டவர் அப்போது சுகமாயிருப்பினும் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டியதே. விஷம் ஓரிரு நாளில் சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. சிறுநீர் கறுத்தாலும் குறைந்தாலும் அதை வைத்தியரிடம் தவறாது தெரிவிக்கவேண்டும்.