அறுபது சீட்டும் இருபது சீட்டும்

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவர் இலக்கண நூலார். முதனூலின் முடிபைத் தழுவி, வேண்டிய வேறுபாடுகளை மட்டும் மேற்கொண்டு எழுவது வழிநூல். இப்பாகுபாடு நூல்களுக்கே உரியதாயினும், விளையாட்டுகளிலும் இத்தகைய உறவு காணப்படுவதுண்டு. போக்கிமான் என்னும் ஜப்பானியச் சீட்டாட்டத்தையும், அதினின்று பிறந்த ‘பாக்கெட்’ என்னும் சிற்றாட்டத்தையும் இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

பலரும் அறிந்த சீட்டுக்கட்டில் உள்ளவை 52 சீட்டுகள். அவை எவ்வூரிலும் எவரிடத்தும் ஒன்றே. சேகரிப்புச் சீட்டாட்டத்தின் இயல்பு வேறு. அதன் சீட்டுகள் சிற்றுறைகளில் அடைத்து விற்கப்படும். உறையைப் பிரித்த பின்னரே உள்ளிருப்பவை புலனாகும். அவ்வாறு சேர்த்தவற்றினின்று தெரிந்தெடுத்து ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக்கட்டு அமைத்துக்கொள்வர். எனவே, களத்தில் அமர்வதற்கு முன்னரே ஆட்டத்தின் ஒரு பாதி நடந்து முடிந்துவிடுகிறது எனலாம். 1993 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்பீல்டு படைத்த ‘மேஜிக்’ என்னும் ஆட்டமே இவ்வகையைப் பரப்பியது. அதன்பின் 1996 அக்டோபர் திங்களில் ஜப்பானில் போக்கிமான் சீட்டாட்டம் வெளிவந்தது. 1999 இல் ஆங்கிலத்திலும் வந்தது.

முதலாட்டத்தின் அமைப்பு வருமாறு: ஒருவர் கட்டில் 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். ஆற்றற்சீட்டுகளில் எளியவை நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேல் இருத்தலாகாது. தொடக்கத்தில் கையில் ஏழு சீட்டுகளை எடுப்பர். ஆறு சீட்டுகளைப் பரிசுச் சீட்டுகளாகக் கவிழ்த்து வைப்பர். போர்முனையில் ஓர் உயிரி நிற்கும். அதற்குப் பின்னே ஐந்து வரை காத்திருக்கலாம். எதிரியின் உயிரி ஒன்றை வீழ்த்துந்தோறும் ஒரு பரிசுச் சீட்டை எடுத்துக்கொண்டு, ஆறையும் முதலில் எடுத்து முடித்தவர் வெல்வர்.

2024 அக்டோபர் 30 ஆம் நாள் உலகெங்கும் வெளியான பாக்கெட், கைபேசித் திரையிலேயே ஆடப்படுவது. இதிற் கட்டு 20 சீட்டாகச் சுருங்கியது. ஒரே பெயருடையவை இரண்டிற்கு மேல் இல்லை. தொடக்கக் கை ஐந்து. பின்வரிசையில் மூவர்க்கே இடம். பரிசுச் சீட்டுகள் அறவே இல்லை. மூன்று புள்ளி பெற்றவர் வென்றவர். முடிபு ஒன்றே, அளவே வேறு.

ஆயினும், எண்களைக் குறைத்தது மட்டுமே இவ்வாட்டத்தின் புதுமையாயிருப்பின், அதனைப் பற்றிப் பேசுதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பெருமாற்றம் ஆற்றலைப் பற்றியது. எவ்வுயிரியும் தாக்குதற்கு ஆற்றல் வேண்டும். முதலாட்டத்தில் ஆற்றலும் சீட்டாகவே கட்டினுள் கலந்திருக்கும். கையில் வந்தால்தான் உயிரியோடு இணைக்க இயலும். வாராவிடின், வலிமை மிக்க உயிரியும் வாளாவிருந்து அடிபட நேரிடும். மாறாக, ஆற்றலே வந்து குவிந்து உயிரிகள் வாராமற் போவதும் உண்டு. பிழையொன்றும் செய்யாதவன் தோற்கும் இந்நிலை, புதிதாகக் கற்போரை மனம் சலிக்கச் செய்வது. பாக்கெட்டில் ஆற்றற்சீட்டே இல்லை. முறைதோறும் ஓர் ஆற்றல் தானே தோன்றும். முதலில் ஆடுபவர்க்கு மட்டும் அவர்தம் முதல் முறையில் அது கிடையாது. முந்தி ஆடுவதன் நலத்தை ஈடுசெய்யும் தடை அது. நல்ல தீர்வே. எனினும், கட்டில் ஆற்றலுக்கு எத்தனை இடம், உயிரிகளுக்கு எத்தனை இடம் என நிறுத்துப் பார்க்கும் நுண்கலை இதனோடு மறைந்தது என்பதையும் கூறாதிருத்தல் இயலாது.

கட்டுச் சிறிதானமையால் நற்பேறு மிகுந்துவிட்டது என்பார் உளர். கணக்கிட்டு நோக்குக. 60 சீட்டுள் நான்காக உள்ள ஒன்று, ஏழு சீட்டுக் கையில் ஒன்றேனும் வருதல் நூற்றுக்கு ஏறத்தாழ 40 முறை. 20 சீட்டுள் இரண்டாக உள்ளது ஐந்து சீட்டுக் கையில் வருதல் ஏறத்தாழ 45 முறை. (பிற நிபந்தனைகளை ஒதுக்கிய கணக்கு இது.) ஆகவே, வேண்டிய சீட்டு வருதலிற் சிற்றாட்டம் குறைந்ததன்று. குறை வேறிடத்தில் உள்ளது. மிஸ்டி என்னும் சீட்டை ஆடுவோர் பூ விழும்வரை நாணயம் சுண்டுவர். தலை விழுந்த தோறும் நீர்வகை உயிரியொன்றிற்கு ஓர் ஆற்றல் சேரும். முதற் சுண்டிலேயே பூ விழுந்து பயனின்றிப் போதல் இரண்டிலொரு முறை. மூன்றோ அதற்கு மேலோ ஆற்றல் கிடைத்தல் எட்டிலொரு முறை. நெடிய ஆட்டமாயின், இத்தகைய ஏற்றத்தைப் பின்னர் ஈடுசெய்யக் காலம் உண்டு. மூன்றே புள்ளியில் முடியும் ஆட்டத்தில் அக்காலம் ஏது? மேலும், ‘எக்ஸ்’ எனப் பெயர்பெற்ற வலிய உயிரி வீழின் எதிரிக்கு இரண்டு புள்ளி. அத்தகைய இரண்டு வீழ்ந்தால் ஆட்டமே முடிந்தது. முதலாட்டத்திலோ அவை மூன்று வீழவேண்டும். விரைவிற்குக் கொடுத்த விலை, தவற்றைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பேயாம்.

இனி, சேகரித்தலைப் பற்றி. பாக்கெட்டில் நாளொன்றுக்கு இரண்டு உறைகள் விலையின்றிக் கிடைக்கும். உறைக்குப் பெரும்பாலும் ஐந்து சீட்டு. காத்திருக்க மனமில்லாதார் பணம் செலுத்திக் கூடுதலாகப் பிரிக்கலாம். உள்ளிருப்பது இன்னதென்று அறியாமலே பணம் செல்கிறது. அட்டைச் சீட்டிலும் இஃது உள்ளதே. ஆனால், அட்டைச் சீட்டு வாங்கியவனுக்கே உடைமை. தன்னிடம் இரண்டிருப்பின் ஒன்றைத் தோழனுக்கு ஒருவன் கேளாமலே கொடுக்கலாம். திரையிலுள்ள சீட்டை அவ்வாறு கொடுக்கத் தொடக்கத்தில் இயலவில்லை. பண்டமாற்றைத் தன் முழுப்பெயரிலேயே கொண்டுள்ள இவ்வாட்டம், தொடக்கத்தில் மாற்றுதற்கே இடந்தரவில்லை. 2025 சனவரித் திங்களில் அவ்வசதி வந்தது. அரிய சீட்டை மாற்றுதற்கோ தனி வில்லைகள் வேண்டப்பட்டன. அவற்றைப் பெறத் தம்மிடமுள்ள வேறு சீட்டுகளை அழிக்க நேர்ந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவதே மாற்று. இங்கோ ஒன்றைக் கொடுக்கவே பலவற்றை இழக்கவேண்டியிருந்தது. ஆடுவோர் பலர் முறையிட, அவ்வில்லை முறை அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.